இடுபணியும் சிந்தனை மீட்சியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம், கோலா தெர்லா, கேமரன் மலை)

கல்லூரி மாணவருக்குத் தரப்படும் எழுத்து இடுபணிக்கு இரண்டு பயன்கள் உண்டு. மாணவர் கற்றதை அளப்பது ஒன்று. எழுதும்போதே அவரைக் கற்கவைப்பது மற்றொன்று. முதற்பயனை மதிப்பெண் காட்டிவிடும். இரண்டாவது வெளியே தெரிவதில்லை என்பதால்தான் மலேசியாவின் கல்லூரிகளிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் இடுபணியின் இறுதியில் ‘சிந்தனை மீட்சி’ என்றொரு பகுதி கேட்கப்படுகிறது. பணியைச் செய்தபோது எங்கே தடுமாற்றம் வந்தது, எது மாற்றப்பட்டது, தொடங்கியபோது தெரியாத எது முடித்தபோது தெரிந்தது என்பதை மாணவரே தம் சொற்களில் எழுத வேண்டும். வழக்கமாக ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு. மதிப்பெண்ணும் சொற்பம். ஆகவே ஒப்படைப்புக்கு முந்திய இரவில், முகப்புத் தாளை அழகுபடுத்தி முடித்த பிறகு அது எழுதப்படுகிறது. அந்த ஒரு பக்கம் எப்போது வளர்ச்சியின் சான்றாகிறது, எப்போது சடங்காகிறது என்பதே இவ்வுரையின் பொருள்.

சடங்கின் மூலத்தைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி ஆசிரியரின் நாள் பாடத்திட்டத்தில் கடைசிக் கட்டத்திற்குப் பெயர் சிந்தனை மீட்சிதான். அதில் எழுதப்படுவது ஏறத்தாழ எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றே: இத்தனை மாணவர்களில் இத்தனை பேர் இன்றைய பாட நோக்கத்தை அடைந்தனர், எஞ்சியவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்பட்டது. எண்களை மட்டும் மாற்றினால் ஆண்டு முழுவதற்கும் போதும். இது கணக்கு; பள்ளி நிர்வாகத்திற்குத் தேவையான கணக்கும்கூட. ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு ஏன் புரியவில்லை, ஆசிரியரின் விளக்கத்தில் எது இடறியது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. நாட்டின் 27 ஆசிரியர் கல்விக் கழக வளாகங்களில் ஒன்றான தெங்கு அம்புவான் அஃப்சான் வளாகம், கேமரன் மலை அடங்கிய பகாங்கிலேயே, கோலா லிப்பிஸில் இருக்கிறது. எந்த வளாகத்தில் பயில்பவரானாலும், பயிற்சி ஆசிரியர் கற்பித்தல் பயிற்சிக்காகப் பள்ளிக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்து எழுதிக்கொள்வது இந்த வாய்பாட்டைத்தான். பிறகு விரிவுரையாளர் தம் இடுபணிக்குச் சிந்தனை மீட்சி எழுதச் சொன்னால், கை பழகிய வழியிலேயே போகிறது: ‘இந்த இடுபணியின்வழி நான் பல நன்மைகளைப் பெற்றேன்.’ எந்த நன்மை என்பது வருவதில்லை.

சிந்தனை மீட்சி என்ற கருத்து கல்வித் துறைக்குள் வந்தபோது இப்படி இருக்கவில்லை. 1910-இல் வெளியான தம் நூலில் ஜான் டூயி, சிந்தனை குழப்பத்தில்தான் தொடங்குகிறது என்றார். பழகிய வழி செல்லாது என்று தெரியும் இடத்தில் மனம் நின்று, சான்றுகளைத் தேடி, ஒரு முடிவைச் சோதித்துப் பார்க்கிறது. 1983-இல் டொனால்ட் ஷோன் இதைத் தொழில்களுக்குப் பொருத்தினார். மருத்துவரும் கட்டடக் கலைஞரும் ஆசிரியரும் வேலையின் நடுவிலேயே தம் செயலைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்கிறார்கள் என்று காட்டினார். 1988-இல் கிரகாம் கிப்ஸ் ஆறு படிகள் கொண்ட ஒரு சுழற்சியை வகுத்தார்: நடந்ததை விவரித்தல், உணர்ந்ததைச் சொல்லுதல், நன்மை தீமை எடைபோடல், காரணம் ஆராய்தல், முடிவுக்கு வருதல், அடுத்த முறைக்குத் திட்டமிடல். தாதியர் கல்வியும் ஆசிரியர் கல்வியும் இந்த ஆறு படிகளை விரும்பி ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்ட வேகத்தில் அது படிவமாகவும் ஆயிற்று. ஆறு கட்டங்கள், ஆறு பத்திகள். டூயி சொன்ன குழப்பம் அந்தக் கட்டங்களில் எதிலும் காணோம்.

எழுத்தைப் பற்றிய ஆய்வு வேறு திசையிலிருந்து இதே இடத்திற்கு வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்ட் கல்லூரி 1885-இல் புதுமுக மாணவர்களுக்கென ஒரு கட்டுரை வகுப்பைத் தொடங்கியது. பிற கல்லூரிகளும் அதைப் பின்பற்றின. அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அத்தகைய வகுப்புகளின் வேலை பெரும்பாலும் பிழை திருத்தமாகவே இருந்தது. 1972-இல் டொனால்ட் மரே, எழுத்தை முடிந்த பொருளாகக் கருதாமல் நடைபெறும் செயலாகக் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். 1977-இல் ஜேனட் எமிக் ஒரு படி மேலே போய், எழுதுவதே ஒரு தனிக் கற்றல் முறை என்றார். பேச்சு போய்விடும், எழுத்து எதிரில் நிற்கும். எழுதியவரே அதைப் பிறர் எழுதியதுபோல் மீண்டும் பார்க்க முடியும். 1980-இல் நான்சி சோமர்ஸ் மாணவர்களும் தேர்ந்த எழுத்தாளர்களும் தங்கள் வரைவுகளைத் திருத்தும் முறையை ஒப்பிட்டார். திருத்து என்றால் மாணவர்கள் சொற்களை மாற்றினார்கள். தேர்ந்தவர்கள் தாங்கள் சொல்ல வந்தது என்ன என்பதையே மாற்றினார்கள். மாணவர் வளர்ச்சியைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு பயனுள்ள கண்டுபிடிப்பு அதிகம் இல்லை. வளர்ச்சியை எங்கே தேடவேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது: முதல் வரைவுக்கும் அடுத்த வரைவுக்கும் இடையில்.

தமிழ் மரபில் இதற்கு இணையான ஒன்றைத் தேடினால் நன்னூலின் பொதுப்பாயிரம் நினைவுக்கு வரும். மாணவர் நூலைக் கற்கும் முறையைச் சொல்லும் இடத்தில் பவணந்தி முனிவர் கற்றலைப் பங்கிட்டுக் காட்டுகிறார். ஆசிரியர் சொன்னதை முழுமையாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு. உடன் பயில்பவரோடு பழகிக் கலந்து ஆராய்வதில் இன்னொரு கால் பங்கு. எஞ்சிய அரைப் பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். மேற்கத்தியர் இன்று சொல்வதை நம்மவர் அன்றே சொன்னார் என்று மார்தட்ட இது பயன்படாது. அவர் பேசியது நூலைப் பாடம் கேட்பதைப் பற்றியே தவிர கட்டுரை எழுதுவதைப் பற்றி அன்று. ஆனாலும் அந்தப் பங்கீடு கவனத்திற்குரியது. ஆசிரியருக்கு மட்டும் காட்டி, மதிப்பெண் வாங்கி, அலமாரிக்குள் போகும் இடுபணி அவர் கணக்கில் கால் பங்கோடு நின்றுவிடுகிறது.

மலேசியத் தமிழுலகில் இந்தப் பங்கீட்டை நடைமுறையில் நிறைவேற்றிய ஒரு முயற்சி கல்லூரிக்கு வெளியே, நாளிதழில் நடந்தது. 1924-இல் தொடங்கப்பட்ட தமிழ் நேசன், 1950-இல் ‘கதை வகுப்பு’ ஒன்றை நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதற்கு ஆசிரியர்கள். கதை எழுதும் முறை இதழில் பாடமாக வந்தது, வாசகர்கள் எழுதி அனுப்பினார்கள், எழுதியவை மதிப்பிடப்பட்டன. மலேசியச் சிறுகதையின் வரலாற்றை எழுதுவோர் அந்த வகுப்பைத் தாண்டிப் போவதில்லை. அதே காலகட்டத்தில் கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசு, மாணவர் மணிமன்றம் என்ற பகுதியின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளை எழுதவைத்தது. பல்கலைக்கழகத் துறை பிறகு வந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் சிங்கப்பூரில் அமைந்து, பின்னர் கோலாலம்பூருக்கு மாறியது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் கிடைக்க ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற பெயரில் சாரங்கபாணி நிதி திரட்டினார். 1961 முதல் தனிநாயகம் அடிகள் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். அப்பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ்ப் பேரவை 1986-இல் தொடங்கிய சிறுகதைப் போட்டி, பேரவைக் கதைகள் என்ற தொகுப்பு வரிசையாக வளர்ந்தது.

போட்டிக்கும் வகுப்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. போட்டி தீர்ப்புச் சொல்லும். வகுப்பு பதில் சொல்லும். பரிசு பெறாத கதை ஏன் பரிசு பெறவில்லை என்பது பெரும்பாலும் எழுதியவருக்குத் தெரியாமலே போய்விடும். மலேசியத் தமிழ்ச் சூழலில் போட்டிகளுக்குக் குறைவில்லை. பதில் சொல்லும் வகுப்புகள்தாம் குறைவு. கல்லூரி இடுபணி அந்தக் குறையை நிரப்பக்கூடியது. ஆனால் ஒரே வரைவைப் பெற்று மதிப்பெண் இட்டுத் திருப்பித் தரும்வரை அதுவும் ஒரு சிறு போட்டிதான்.

கோலா தெர்லாவிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டால் விவரம் தெளிவாகும். ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளி. பிறகு மலாய் வழியிலான தேசிய இடைநிலைப்பள்ளி. அங்கே தமிழ் ஒரு பாடம் மட்டுமே. குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் அதற்கு ஏற்பாடு செய்யும் கடமை பள்ளிக்கு வருகிறது. வகுப்பு பல இடங்களில் பள்ளி நேரத்திற்குப் பிறகு, ஊருக்குப் போகும் பேருந்தோடு போட்டியிட்டு நடக்கும். எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுத்தால் கட்டுரைப் பயிற்சி தொடரும், எடுக்காவிட்டால் அறுந்துபோகும். எனவே கல்லூரியின் முதல் தமிழ் இடுபணியைத் தொடங்கும் மாணவரின் கையில் இருப்பது ஆரம்பப்பள்ளியில் யு.பி.எஸ்.ஆர். தேர்வுப் பாணியில் மனனம் செய்த சரக்கு. அத்தேர்வே 2021-இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. அது வளர்த்த கட்டுரை நடை ஒழியவில்லை. கதிரவன் செங்கதிர் பரப்பும் தொடக்கம், பத்திக்கு ஓர் உவமைத்தொடர், நடுவே இணைமொழியும் இரட்டைக்கிளவியும், முடிவில் அரசுக்கும் பெற்றோருக்கும் ஓர் அறிவுரை. மொழியணி கற்பது குற்றமன்று. மொழியணிக்கு இடம் தேடிக் கட்டுரை எழுதுவதுதான் சிக்கல்.

அத்தகைய மாணவரிடம் ‘என் ஊர்’ என்ற தலைப்பைக் கொடுத்தால் முதல் வரைவு எப்படி வரும் என்று ஊகிப்பது கடினமன்று. இயற்கை எழில் கொஞ்சும் மலை. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை. பனி போர்த்திய காலை. கடுமையாக உழைக்கும் மக்கள். அதில் ஊர்ப் பெயரை நீக்கிவிட்டு மூணாறு என்றோ நுவரெலியா என்றோ எழுதினாலும் ஒரு வரி மாறாது. இந்த இடத்தில் விரிவுரையாளர் சிவப்பு மையில் ஒற்றுப்பிழைகளை வட்டமிட்டு 65 மதிப்பெண் போட்டால், கதை முடிந்தது. மதிப்பெண் போடாமல் ஓரத்தில் நான்கு கேள்விகள் எழுதினால் இரண்டாம் வரைவு பிறக்கும். இந்த ஊர் எந்தச் சாலையில், எதற்கும் எதற்கும் இடையில் இருக்கிறது? பச்சையாகத் தெரிவது உண்மையில் தேயிலையா? உழைக்கும் மக்கள் யார், எங்கிருந்து வந்தவர்கள்? ஊரில் ஓடும் ஆறு எங்கே போகிறது?

இந்தக் கேள்விகளோடு மாணவர் விடுமுறைக்கு வீடு திரும்பினால், தினமும் பார்த்த ஊரை முதன்முறையாக விசாரிக்க வேண்டியிருக்கும். பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே, திரிங்காப்பைத் தாண்டி, கம்போங் ராஜாவுக்கு முன்னால் கோலா தெர்லா இருக்கிறது. சாலையோரத்தில் பெரும்பகுதி பச்சையாக இருப்பது காய்கறி. அதிலும் பாதி பிளாஸ்டிக் கூரைக்குள். தேயிலை மலைச்சரிவுகளில், புளூ வேலியிலும் சுங்கை பாலாஸிலும் பரந்து கிடக்கிறது. 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து பார்த்த இந்த மலையில், 1929-இல் ஜே. ஏ. ரசல் ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை 1931-இல்தான் முடிந்தது. சாலை வருமுன்னரே தோட்டம் வந்துவிட்டது என்பது மாணவரைச் சற்று யோசிக்கவைக்கும். காட்டை அழித்தவர்கள் எப்படி ஏறி வந்தார்கள் என்ற கேள்வி அங்கிருந்து எழுகிறது. விரலால் கொழுந்து கிள்ளும் வேலை பல தோட்டங்களில் கத்தரிக்கும் இயந்திரத்திற்கு மாறிவிட்டது. அதைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாட்டவர். முதல் வரைவின் ‘உழைக்கும் மக்கள்’ என்ற தொடர் இந்த இடத்தில் உடைகிறது, ஏனெனில் மாணவரின் தாத்தா பாட்டி செய்த வேலையை இன்று வேறு மொழி பேசுவோர் செய்கிறார்கள். தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் கலக்கிறது. தெலோம் இயல்பாகக் கிழக்கே ஓடிப் பகாங் ஆற்றைச் சேர வேண்டியது. 1960-களின் தொடக்கத்தில் அமைந்த நீர்மின் திட்டம் அதன் மேற்பகுதி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே திருப்பி, ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் சேர்த்து, அங்கிருந்து பேராக் மாநிலத்தின் பக்கம் இறக்குகிறது. பள்ளிக்குப் போகும் வழியில் கடந்த ஆற்றைப் பற்றி இது தெரியாமலே ஒருவர் 18 வயதை எட்டிவிட முடியும்.

அடுத்தது பாட்டியிடம் கேட்டறிவது. ‘பெரட்டு எத்தனை மணிக்கு அப்பாயி?’ என்று கேட்டால், விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் வாசித்தது, கங்காணி, கிராணியார், கைக்குழந்தையை விட்டுப்போன ஆயாக்கொட்டகை, அந்தி நிறுவையில் கழித்த எடை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது பாடநூலில் கிடைக்கும். நிறுவையில் ஈரத்திற்கென்று கழித்தது எவ்வளவு, அதை யார் முடிவு செய்தார்கள் என்பது பாட்டியிடம்தான் கிடைக்கும். இரண்டாம் வரைவில் மொழியணி குறைந்து பெயர்ச்சொற்கள் கூடியிருக்கும். நடை சற்றே முரடாகவும் இருக்கக்கூடும். அழகான பொதுச் சொல்லை விட்டுச் சரியான தனிச்சொல்லுக்கு நகரும்போது எழுத்து கொஞ்ச காலம் தடுமாறும். மதிப்பிடுபவர் அந்தத் தடுமாற்றத்தைப் பின்னடைவாகக் கணக்கிட்டால், மாணவர் அடுத்த முறை பச்சைக் கம்பளத்திற்கே திரும்புவார்.

இந்த இரண்டு வரைவுகளும் மேசையில் இருக்கும்போது சிந்தனை மீட்சிக்கு எழுதப் பொருள் கிடைத்துவிடுகிறது. முதல் வரைவின் எந்த வரி நீக்கப்பட்டது, ஏன்? யார் கேட்ட கேள்வியால் எந்தப் பத்தி வந்தது? சேர்க்க நினைத்தும் சேர்க்க முடியாமல் போனது எது? ‘உழைக்கும் மக்கள் என்று எழுதியிருந்தேன், அவர்கள் யார் என்று கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை என்பதால் அந்தத் தொடரை எடுத்துவிட்டேன்’ என்ற ஒரு வாக்கியம், பல நன்மைகளைப் பெற்ற ஒரு பக்கத்தைவிட மேலானது. அதைச் சரிபார்க்கலாம். வரைவைப் புரட்டினால் தொடர் இருந்த இடமும் நீங்கிய இடமும் தெரியும்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்லவேண்டும். வளர்ச்சிக்கு மதிப்பெண் என்றால் மாணவர்கள் வளர்ச்சியைத் தயாரித்துக் கொடுப்பார்கள். தொடக்கத்தில் அச்சம், நடுவில் போராட்டம், முடிவில் தன்னம்பிக்கை என்ற வரிசை எல்லாச் சிந்தனை மீட்சிகளிலும் வருவது தற்செயலன்று. தோட்டப்புற மாணவர்களுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. லயத்து வீடு, வறுமை, தாயின் கண்ணீர் என்று எழுதினால் படிப்பவர் மனம் இளகும் என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொள்கிறார்கள். உண்மையாகவே பட்ட துன்பம்கூட இப்படி எழுதப்படும்போது இன்னொரு பச்சைக் கம்பளமாகிவிடுகிறது. தன் குடும்பத்தைப் பற்றி எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது என்பது மாணவரின் உரிமை. மனத்தைத் திறந்து காட்டியதற்கு மதிப்பெண் தரும் விரிவுரையாளர் அந்த உரிமையை விலைபேசுகிறார். வரைவுகளுக்கிடையே நடந்த மாற்றத்தையும் அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் மட்டும் மதிப்பிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். வளர்ச்சி ஏதும் நிகழவில்லை என்று நேர்மையாகக் காரணத்தோடு எழுதுபவருக்கும் முழு மதிப்பெண் கிடைக்க இடம் இருக்க வேண்டும்.

கணினிச் செயலிகள் நொடியில் கட்டுரை எழுதித் தரும் இந்நாளில் வரைவுகளை வைத்து மதிப்பிடும் இம்முறை கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. பொதுவான சிந்தனை மீட்சியை எந்தச் செயலியும் எழுதிவிடும். அந்த வாய்பாடு அவ்வளவு பழகியது. ஓரக்குறிப்புகள் கொண்ட முதல் வரைவு, பாட்டியிடம் கேட்டு எழுதிய தாள், சக மாணவர் எழுப்பிய ஐயம் ஆகியவற்றை இணைத்துக் கேட்டால் போலி செய்வது கடினமாகிறது. முழுக்கத் தடுக்க முடியும் என்று சொல்ல முடியாது.

விரிவுரையாளர்களுக்கு இதனால் வேலை கூடும் என்பது உண்மையே. ஒரு பருவத்தில் நான்கு இடுபணிகளைத் தந்து நான்கிற்கும் மதிப்பெண் இடுவதற்குப் பதில், இரண்டைத் தந்து ஒவ்வொன்றையும் இருமுறை படித்தால் சுமை ஏறத்தாழ அதே அளவில் நிற்கும். முதல் வாசிப்பில் மதிப்பெண் வேண்டாம், கேள்விகள் மட்டும் போதும். நடுவே ஒரு வகுப்பு நேரத்தை மாணவர்கள் ஒருவர் வரைவை மற்றவர் படிப்பதற்கு ஒதுக்கலாம்; பவணந்தியாரின் கணக்கில் அதற்குக் கால் பங்கு உண்டு.

மீதி அரைப் பங்கு ஊருக்கு உரியது. கேமரன் மலைத் தமிழரின் வேலை, சொல்வழக்கு, குடியிருப்பு, ஆறு, சாலை பற்றி மாணவர்கள் விசாரித்து எழுதும் இரண்டாம் வரைவுகளில் இருப்பவற்றுள் பல வேறெங்கும் எழுதப்படாதவை. மதிப்பெண் பதிவானதும் அவை கல்லூரி அலமாரியில் சில ஆண்டுகள் கிடந்து, பிறகு பழைய தாள்காரரிடம் போகின்றன. பெரட்டுக்களத்தை நேரில் பார்த்த தலைமுறை குறைந்துவருகிறது. ஆகவே மாணவர்கள் தங்கள் இடுபணியின் ஒரு படியை முதல் வரைவோடு சேர்த்து, தாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பள்ளிகளும் அவற்றை வாங்கி, ஆண்டும் தலைப்பும் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டில் வைக்க வேண்டும்.